மணிக்கட்டும் பிஸ்கட் பேணியும்

லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் எங்கள் வீட்டடியில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் அந்த ஆஸ்பத்திரி வரும். பிள்ளைகளின் பகுதி பின்பக்கத்தில், பழைய செங்கல் கட்டடத்தில் இருந்தது. காத்திருக்கிற அறையில் ஒரு மீன் தொட்டி. என் மகள் துளசி அதற்கு முன்னால் போய் நின்றாளென்றால் பேர் கூப்பிடும் வரைக்கும் அசையமாட்டாள். மற்றப் பிள்ளைகள் கதிரையில் ஏறிக் குதிப்பார்கள், கத்துவார்கள். அவர்களுடைய தாய்மார் துளசியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள், கொடுத்து வைத்தவள் நீ என்கிற மாதிரி. எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். நான் வளர்த்த பிள்ளை என்று நிமிர்ந்து இருப்பேன்.

அவள் மீனைப் பார்க்கவில்லை. தொட்டியின் மூலையில் மேலே மேலே ஏறுகிற குமிழியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்கு விளங்க ஒரு வருசம் எடுத்தது. அந்த ஒரு வருசத்தைத்தான் எழுதப் போகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். என் மச்சாள் வதனி, "எழுதித் தாங்கோ அண்ணி, நான் பிழை திருத்தித் தாறன்" என்றாள். வேண்டாம் என்றிட்டேன். பிழை இருந்தால் இருக்கட்டும், என்னுடைய பிழை. இந்த வருசம் மட்டும் மூன்று தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "அன்ரி, உங்கட மகளுக்கு எப்பிடிக் கண்டுபிடிச்சனியள்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்ல எனக்கு இப்ப மூச்சு வாங்குது. எழுதி வைத்தால் ஆறுதலாக வாசிக்கலாம்.

துளசி எண்பத்தாறில் பிறந்தாள். கலியாணம் கட்டி ஒன்பது வருசத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. நாங்கள் அப்போதுதான் லண்டனுக்கு வந்து இரண்டாவது வருசம். இவருக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட் வேலை. இவருடைய தங்கச்சி வதனி எங்களோடு இருந்து ஒரு கடையில் காசு வாங்குகிற மேசையில் நின்றாள். நல்ல பிள்ளை. தன் முதல் மாதச் சம்பளத்தில் துளசிக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை ஒன்று வாங்கி வந்தாள். துளசி பொம்மையைத் தொடவில்லை. அது வந்த பெட்டியின் மூடியைத்தான் ஒரு கிழமை திறந்து திறந்து மூடினாள்.

அழாத பிள்ளை. ஆக்கள் வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவாள். வருகிற சனம், "பொம்பிளைப் பிள்ளையெண்டால் இப்பிடி அடக்கமா இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போகும். அதைக் கேட்கத்தான் நான் ஆக்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறனானோ என்று இப்ப யோசிக்கிறேன்.

அவளுக்கு ஏதும் வேணுமென்றால் வந்து என் மணிக்கட்டைப் பிடிப்பாள். விரலைப் பிடிக்கமாட்டாள், சீலையைப் பிடிக்கமாட்டாள், மணிக்கட்டைத்தான். என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே இழுத்துக்கொண்டு போய், பால் வேணுமென்றால் என் கையைப் பிரிட்ஜ் கதவில் வைப்பாள். பிஸ்கட் வேணுமென்றால் பிஸ்கட் போட்டு வைக்கிற தகரப் பேணியில் வைப்பாள். "தாயின்ர கையை விடாத பிள்ளை" என்று இவர் எல்லோருக்கும் சொல்லுவார். நானும் அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருசம் காத்திருந்த கைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கோ.

மூன்று வயதில் அவளிடம் ஆறு சொல்லு இருந்தது. பால், தா, வா, பூ, பஸ், இல்லை. அவ்வளவுதான். வீடு வீடாக வந்து பிள்ளைகளின் நிறையும் வளர்த்தியும் பார்க்கிற நேர்ஸ் ஒருத்தி, இந்த வயதுக்கு இது காணாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். அங்கே பேசத் தமிழ் தெரிந்த ஒருவரையும் ஒழுங்கு செய்வோம் என்றார்கள். எனக்குச் சந்தோசம். என் இங்கிலிஸ், யெஸ், நோ, தாங்க் யூ, ஹவ் மச் என்கிற அளவில்தான்.

போய்ப் பார்த்தால் மொழிபெயர்க்க வந்து இருக்கிறா சரோஜா ரீச்சர்.

ரீச்சரைத் தெரியாத தமிழ்ச் சனம் அந்த நாளில் தெற்கு லண்டனில் இல்லை. ஊரில் இங்கிலிஸ் படிப்பித்தவ. இங்கே வந்து ஆஸ்பத்திரி, கவுன்சில், சொலிசிற்றர் எல்லா இடமும் எங்களுக்காகக் கதைப்பா. ஒரு பெரிய கறுப்புக் கைப்பை எப்பவும் தோளில் இருக்கும். அதற்குள் பாதி கவுன்சில் கடிதம், பாதி சாதகம். எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தம் பார்த்துச் சொல்லுகிறதும் அவதான். வதனியின் சாதகமும் அந்தக் கைப்பைக்குள் இருந்தது. வெம்பிளியில் ஒரு மாப்பிள்ளைப் பகுதி, பெடியன் கணக்காளன், பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று போன கிழமைதான் சொல்லியிருந்தா.

"என்ன பரமேஸ், நீயோ? கடுதாசியில பேரைப் பாத்திட்டு ஆரோ எண்டு நினைச்சன்" என்று ரீச்சர் என் கையைப் பிடித்தா. வதனியின் சாதகம் இருக்கிற அந்தக் கைப்பையில்தான் என் கண் போனது.

டொக்டர் வயசானவர், நல்ல மனிசன். அவரிடம் ஒரு தாளில் கேள்விகள் இருந்தன. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புமா? திரும்பும் என்றேன். முகத்தைப் பார்த்துச் சிரிக்குமா? சிரிக்கும், ஏன் சிரிக்காது? மற்றப் பிள்ளைகளோடு விளையாடுமா? ஓம், நல்லா விளையாடும். விரும்பின சாமானை விரல் நீட்டிக் காட்டுமா? அதற்கு மட்டும் உண்மை சொன்னேன், அதுவும் பெருமையாக: "நாங்கள் ஆக்களுக்கு நேரை விரல் நீட்டப் பழக்கிறேல்லை, ரீச்சர்."

அந்த நேரம் துளசி நிலத்தில் இருந்து விளையாட்டுக் காரின் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டொக்டர் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பையையும் பொம்மையையும் நீட்டினார், பொம்மைக்குப் பருக்கச் சொல்லி. அவள் திரும்பவில்லை. ரீச்சர் உடனே இங்கிலிஸில் ஏதோ நீளமாகச் சொன்னா. நான் சொன்னது ஒரு முழம் என்றால் அவ சொன்னது மூன்று முழம். அதில் "வெரி குட் கேர்ள்" என்பது மட்டும் எனக்கு விளங்கியது. எனக்கு நிம்மதி.

அவர் கடைசியில் சொன்னது இதுதான். பிள்ளையில் பெரிய குறை இல்லை. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி, குழம்பிப் போச்சுது. இனி வீட்டில் இங்கிலிஸ் மட்டும் பேசுங்கோ. ஒரு வருசத்தில் சரியாகிவிடும்.

டொக்டர் சொன்னால் நாங்கள் தட்டுகிற ஆக்கள் இல்லை. அடுத்த நாளில் இருந்து நான் என் பிள்ளையோடு தமிழ் பேசவில்லை.

அந்த மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். இவர் வேலைக்கும் வதனி கடைக்கும் போனால் பகல் முழுக்க வீட்டில் நானும் துளசியும்தான். முந்தி நான் ஓயாமல் கதைப்பேன். வெங்காயம் வெட்டினால் வெங்காயத்தைப் பற்றி, மழை பெய்தால் மழையைப் பற்றி, முழுக வார்க்கையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கதை. அவள் கேட்டாளோ இல்லையோ, நான் சொல்லுவேன். இப்ப என்னிடம் இருந்தது கம், ஈற், சிற், நோ, குட் கேர்ள். அஞ்சு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளை எப்படிக் கொண்டுபோகிறது? வாயை மூடிக்கொண்டு தலை சீவிவிடுவேன். வாயை மூடிக்கொண்டு சோற்றைக் குழைத்து அவளுக்குத் தீத்துவேன். வீட்டுக்குள் பிரிட்ஜின் சத்தம் மட்டும் கேட்கும். துளசியின் ஆறு சொல்லும் ஒவ்வொன்றாகப் போச்சுது. கடைசியாகப் போனது "பூ".

அந்த மாசி மாதம் அவளுக்குக் கடுங் காய்ச்சல் வந்தது. விறாந்தையில் நின்ற பிள்ளை அப்படியே விழுந்து, கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். காய்ச்சல் ஏறினால் சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வலிப்பு, நெஞ்சிலும் சளி கட்டி நியூமோனியா ஆகிவிட்டது என்றார்கள். அதே ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் வோட். ஒன்பது நாள் இருந்தோம்.

பயந்த நாட்கள்தான். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அந்த வோட்டை நினைக்க இப்பவும் எனக்கு ஒரு ஆசை வரும். சுவரில் நீலக் கரடி கீறி இருந்தது. அறையைச் சூடாக்குகிற சுவரோர இரும்புக்கு மேல் நனைந்த சொக்ஸ்களைக் காயப் போடுவோம். பின்னேரம் ரீவியைச் சில்லுப் பூட்டின மேசையில் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஜமேக்காக்கார நேர்ஸ் ஒருத்தி, பெரிய உடம்பு, வரும்போதே சிரிப்பு வரும், என்னை "மம்மா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் என்னைக் கண்டால் எனக்கு ஒரு கோப்பை சூடான பால் நிச்சயம். இவர் வேலை முடிந்த கையோடு பிட்டும் முட்டைப் பொரியலும் பெட்டியில் கொண்டுவருவார். தானே அவித்த பிட்டு, கல்லு மாதிரி இருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவேன். "எப்பிடி இருக்கு?" என்பார். "பல்லு நல்ல மனிசருக்கு நல்ல பிட்டு" என்றேன் ஒரு நாள். வெட்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் கண்டு கனகாலம்.

காய்ச்சல் இறங்கின பிறகு சோதனைகள் தொடங்கின. தலையில் பசை பூசி வயர்கள் ஒட்டி, மூளை ஓடுகிற ஓட்டத்தைக் கடதாசியில் கோடு கோடாகக் கீறுகிற சோதனை ஒன்று. பிள்ளையை மருந்தால் நித்திரையாக்கி, காதுக்குள் சத்தம் போட்டு, சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று. காது நல்ல காது. கூப்பிட்டால் ஏன் திரும்புகிறாள் இல்லை என்று புதிதாக வந்த பெண் டொக்டர் நெற்றியைச் சுருக்கினா. எட்டாம் நாள் திரும்பவும் தமிழ் ஆளைக் கூப்பிட்டு எல்லாக் கேள்வியும் கேட்பேன், வீட்டு ஆக்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்று வதனியிடம் சொன்னா.

எங்கள் அடுத்த கட்டிலில் எல்வீரா. கொலம்பியாக்காரி. விடியப்புறம் ஒபிஸ் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கிற வேலை. நாலு வயது மகன் நிக்கோவுக்கும் நெஞ்சுச் சளி. அந்தப் பெடியன் துளசிக்கு நேர் எதிர். சாப்பாட்டு வண்டியின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வோட் அதிரக் கத்துவான். எல்வீராவுக்கு என்னைவிட இங்கிலிஸ் குறைவு, பேசுகிறது ஸ்பானிஸ். அந்தக் கிழமை அவளுக்கு மொழிபெயர்க்க ஆள் அகப்படவில்லை.

அவள் ஆளுக்குக் காத்திருக்கவில்லை. டொக்டர் வந்து கட்டிலடியில் நின்றவுடன் எழும்பி நடுவிலே நின்று மகனாக மாறிவிட்டாள். காதைப் பொத்திக் காட்டினாள், காலின் நுனியில் நடந்து காட்டினாள், கையை முகத்துக்கு முன்னால் படபடவென்று ஆட்டிக் காட்டினாள், தலையைச் சுவரில் இடித்துக் காட்டினாள். வோட்டில் எல்லோரும் பார்க்கினம். சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். டொக்டர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டே நின்றா.

நான் நினைத்தேன், இவளுக்கு வெட்கம் என்று ஒன்று இல்லையோ? பெத்த பிள்ளையின் குறையை இப்படி மேடை போட்டு ஆடுவாளா ஒருத்தி?

ஆனால் அவள் பகல் முழுக்க அந்தப் பெடியனோடு ஸ்பானிஸில் கதைத்துக்கொண்டே இருப்பாள். ஊசி போடும்போது, சொக்ஸ் மாட்டும்போது, ஜன்னலால் பஸ்ஸைக் காட்டி, கரடியைக் காட்டி. வீட்டில் இங்கிலிஸ்தான் பேசவேணும் என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஜமேக்கா நேர்ஸ் ஒரு நாள் அதை நினைவுபடுத்த, எல்வீரா தன் நெஞ்சில் கையை வைத்து, "மை இங்கிலிஸ், நோ" என்று சொல்லி, தன் நாக்கை வெளியே நீட்டி, கத்திரிக்கோலால் வெட்டுகிற மாதிரிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அழுகையும் வந்தது. அன்றைக்குப் பின்னேரம் திரையை இழுத்துவிட்டு, துளசிக்குத் தலை சீவும்போது, ஆருக்கும் கேட்காத குரலில், "இஞ்ச பார் துளசிக்குட்டி, இதென்ன சிக்கு?" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு என் வாயால் வந்த தமிழ். துளசி திரும்பவில்லை. ஆனால் சீப்பைத் தட்டிவிடவும் இல்லை.

நாலாம் நாள் துளசி வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்து ஜூஸ் போத்தலில் வைத்தாள். எல்வீரா அதைக் கண்டாள். எழும்பி வந்து துளசியைக் காட்டி, "நிக்கோ" என்றாள். என் மணிக்கட்டைத் தொட்டு, "நிக்கோ, நிக்கோ" என்றாள். துளசியின் கண்ணையும் என் கண்ணையும் மாறி மாறிக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கத்துகிற உன் பெடியனும் என் பிள்ளையும் ஒன்றோ? முகத்துக்கு நேரே திரையை இழுத்து மூடினேன்.

அவள் கோபிக்கவில்லை. அடுத்த நாள் காலமை திரைக்குக் கீழால் ஒரு தட்டு வந்தது. இரண்டு இனிப்புப் பாண் துண்டும் ஒரு பிளாஸ்க் மூடியில் கறுப்புக் கோப்பியும். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். கோப்பியின் மணம் விடவில்லை. குடித்துவிட்டுத் திரையைத் திறந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் எல்வீரா முகம் கழுவப் போயிருந்தாள். துளசி நித்திரை. நிக்கோ கட்டிலால் இறங்கி வந்தான். என்னை அவனுக்குத் தெரியாது, அதற்கு முதல் ஒரு நாளும் என்னைத் திரும்பிப் பார்த்தவன் இல்லை. நேரே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டு போய், வோட் நடுவில் மேசையில் இருந்த பிஸ்கட் பேணியின் மூடியில் என் கையை வைத்தான்.

அதே பிடி. அதே இழுவை. விரல்கள் படுகிற இடமும் அதே இடம்.

நான் மூடியைத் திறக்க மறந்து நின்றேன். அவன் திரும்பவும் என் கையை மூடியில் அமத்தினான். அவனுக்கு நான் ஒருத்தரும் இல்லை, பேணியைத் திறக்கிற ஒரு கை. அப்ப என் பிள்ளைக்கு? இத்தனை காலமாக நான் பாசம் என்று நெஞ்சில் வைத்திருந்தது என்ன? மூடியைத் திறந்து அவனுக்குப் பிஸ்கட் கொடுத்தேன். எல்வீரா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து என் முதுகைத் தடவினாள். அவள் மொழியில் ஏதோ சொன்னாள். நான் என் மொழியில் அழுதேன்.

அன்றைக்குப் பின்னேரம் இவரும் வதனியும் வந்தார்கள். நான் எல்லாம் சொன்னேன். போன முறை ரீச்சருக்கு முன்னால் சொன்னது முழுக்கப் பொய் என்றும் சொன்னேன்.

இவர் வதனியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இஞ்சாரும், ரீச்சர் தானே திருப்பியும் வரப்போறா. வெம்பிளிப் பகுதி வாற மாதம் பொம்பிளை பாக்க வருகினம். குடும்பத்தில இப்பிடி ஒரு வருத்தம் எண்டு தெரிஞ்சால்..."

"வேற ஆளைக் கேப்பமோ?" என்றேன்.

"வேற ஆளெண்டாலும் தமிழ் ஆள் தானே. ஞாயிற்றுக்கிழமைக்கிடையில கோயில் முழுக்கத் தெரியும்."

வதனி துளசியின் சொக்ஸை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "அண்ணை, என்ர சாதகத்துக்கு எட்டுப் பொருத்தம் கிடைச்சால் கிடைக்கட்டும். துளசிக்கு ஒரு பொருத்தம் பாக்க இப்ப ஒரு டொக்டர் வந்திருக்கிறா. அதைக் கெடுக்காதேங்கோ. அண்ணி, நீங்கள் சொல்லுங்கோ."

எட்டாம் நாள் ரீச்சர் வோட்டுக்கே வந்தா. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தா. டொக்டர் அதே கேள்விகளைக் கேட்டா. பிள்ளை முகத்தைப் பார்க்குமா?

"இல்லை ரீச்சர்" என்றேன். "போன முறை பொய் சொன்னனான். பாக்கமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வேற பிள்ளையளோட ஒரு நாளும் விளையாடினதில்லை. இருந்த ஆறு சொல்லும் போட்டுது. சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கோ."

ரீச்சர் மடியில் கைப்பையை நிமிர்த்தி வைத்தா. பிறகு டொக்டர் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் சொன்னா. டொக்டர் சிரித்துத் தலையாட்டி என் தோளைத் தட்டினா. எனக்கு விளங்கிவிட்டது. நான் சொன்னது தட்டிக்கொடுத்துச் சிரிக்கிற செய்தி இல்லை. ரீச்சர் அதை எங்கேயோ சீவி, எங்கேயோ ஒட்டி, வடிவாக்கிக் கொடுத்துவிட்டா.

நான் எழும்பினேன். எல்வீரா எனக்கு முன்னால் ஆடினது நினைவில் இருந்தது. டொக்டரின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. கதிரையால் எழுப்பி இழுத்துக்கொண்டு போய் வோட் நடு மேசையில் இருந்த பிஸ்கட் பேணியின் மூடியில் அவவின் கையை வைத்தேன். திரும்ப இழுத்துக்கொண்டு போய்க் கதவுப் பிடியில் வைத்தேன். பிறகு தண்ணிக் குழாயில் வைத்தேன். ஒரு தரமும் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கையை விட்டுவிட்டு, "துளசி" என்றேன். "ஒல் டே. துளசி."

டொக்டர் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தா. போய் இருந்து, முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தா. ரீச்சரிடம் ஏதோ சொன்னா. ரீச்சரின் முகம் கறுத்தது. "ஒரு சொல்லும் விடாமல் சொல்லட்டாம், பரமேஸ். முதலில இருந்து சொல்லு" என்றா.

இரண்டு மணித்தியாலம் இருந்தோம். போத்தல் மூடி, பெட்டி மூடி, மீன் தொட்டிக் குமிழி எல்லாம் சொன்னேன். கடைசியில் டொக்டர் சொன்ன சொல்லு ஓட்டிசம். அதற்குத் தமிழில் என்ன சொல்லுகிறது என்று ரீச்சருக்கும் தெரியவில்லை. "மற்ற ஆக்களின்ர முகம், பேச்சு, இதுகளைப் பிடிக்கிற விதம் இந்தப் பிள்ளையின்ர மூளையில வேற மாதிரி. பிறக்கேக்கையே இருந்ததாம். நீ வளத்த பிழையில்லையாம்" என்று விளக்கினா. இது மருந்தால் மாறாது, ஆனால் பழக்கலாம், அதற்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கு, கடிதம் எழுதுகிறேன் என்றா டொக்டர். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். என் பிள்ளையோடு நான் எந்த மொழியில் கதைக்கலாம்?

டொக்டர் ரீச்சர் சொல்லி முடியும் வரை கேட்டா. பிறகு என்னைப் பார்த்து, உனக்கு எதில் பாட்டு வருமோ அதில் என்றா.

ரீச்சரைப் பஸ் தரிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். குளிர். பஸ் வரவில்லை. ரீச்சர் கைப்பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றா.

"போன முறை நீ சொன்ன பொய்யை நான் அப்பிடியே சொல்லியிருந்தாலும் அந்த மனிசன் ஒருவேளை பிடிச்சிருப்பான், பரமேஸ். நான் அதுக்கு மேலயும் கூட்டிச் சொன்னனான். பிள்ளை பாட்டுப் பாடும், கும்பிடும், எல்லாருக்கும் முத்தம் குடுக்கும் எண்டு."

"ஏன் ரீச்சர்?"

"ஏனெண்டு கேட்டால்... பொருத்தம் பேசிப் பேசிப் பழகின வாய். குறையைக் குறைச்சு நிறையைக் கூட்டித்தான் எனக்கு ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்கத் தெரியும். இண்டைக்கும் அதைத்தான் செய்யப் பாத்தனான்." மூக்கைத் துடைத்தா. "நீ அந்த டொக்டரை மாடு மாதிரி இழுத்துக்கொண்டு போனியே, அப்பத்தான் எனக்கு உறைச்சது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரக் கிழவர் எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

ரீச்சர் ஒருத்தருக்கும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெம்பிளிப் பகுதி வந்தபோது வதனி தானே துளசியைப் பக்கத்தில் இருத்தி வைத்து, எல்லாம் சொல்லிவிட்டாள். அவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்லுகிறோம் என்று போனார்கள். இன்னும் யோசிக்கினம். வதனி இரண்டு வருசம் பொறுத்து ஹரோவில் ஒரு நல்ல மனிசனைக் கட்டினாள், அதுவும் ரீச்சரின் கைப்பைக்குள் இருந்து வந்ததுதான். அந்த முறை ரீச்சர் முதல் சொன்னதே துளசியைப் பற்றித்தானாம்.

எல்வீரா எங்களுக்கு ஒரு நாள் முந்தி வீட்டுக்குப் போனாள். கோப்பி குடித்த கடதாசிக் கோப்பையில் தன் விலாசத்தை எழுதித் தந்தாள். வீட்டில் யாரோ குப்பைக்குள் போட்டுவிட்டார்கள். அதற்காக நான் பட்ட துக்கம் கொஞ்சமல்ல. இரண்டு வருசம் மிச்சத்துப் பஸ்களில் கறுப்புக் கோட்டுப் போட்ட கொலம்பியாக்காரி யாரும் ஏறினால் எழும்பிப் பார்ப்பேன்.

துளசி பள்ளிக்கூடம் போனாள். நான் வீட்டில் திரும்பவும் வெங்காயத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தேன். ஏழு வயதில் "பூ" திரும்பி வந்தது. முழு வசனம் ஒரு நாளும் வரவில்லை. படம் போட்ட அட்டைகளைக் காட்டிக் கேட்கப் பழக்கினார்கள், பழகினாள். அவசரமென்றால் மட்டும் மணிக்கட்டுத்தான். நானும் தடுக்கவில்லை. அது பாசமோ இல்லையோ என்று யோசிக்கிறதை நிறுத்திவிட்டேன். என் கையை அவள் நம்பினாள், எனக்கு அது காணும்.

இன்னுமொன்று சொல்லி முடிக்கிறேன். துளசிக்குப் பன்னிரண்டு வயது. இந்த முறை வருத்தம் எனக்கு. இரண்டு நாளாக வலது பக்க விலாவுக்குக் கீழே குத்து. இவர் வேலையில், வதனி ஹரோவில். துளசியையும் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பகுதிக்குப் போனேன். கட்டிலில் ஏற்றினார்கள். சின்ன வயது டொக்டர் ஒருவன் வந்து எங்கே நோகுது என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்களென்றால் துளசியை யார் பார்க்கிறது என்று எனக்கு யோசனை. "நோ பெயின், லிற்றில் காஸ்" என்றேன், வெறும் வாய்வு என்கிற மாதிரி. நல்லாகச் சிரித்தும் காட்டினேன். அவன் நம்பி எழுதிக்கொண்டு திரும்பினான்.

துளசி கதிரையால் எழும்பினாள். அவனுடைய முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு வந்து அவனுடைய கையை என் வலது விலாவுக்குக் கீழே, இரண்டு நாளாக நான் பொத்திப் பிடித்த அந்த இடத்திலேயே, வைத்து அமத்தினாள். நான் வோட் கேட்கக் கத்தினேன்.

பித்தப்பையில் கல்லு, சீழ் வைக்கத் தொடங்கிவிட்டது, வீட்டுக்குப் போயிருந்தால் ஆபத்து என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பெடியன் டொக்டர் துளசிக்கு முன்னால் குனிந்து, தாங்க் யூ என்றான். துளசி திரும்பவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு மேலே சுவரில் மூச்சுக்குக் கொடுக்கிற ஒட்சிசனின் தண்ணிப் போத்தல் ஒன்று பூட்டியிருந்தது. அதற்குள் குமிழி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஊசி போட்டிருந்தது, குத்து குறைந்துகொண்டு வந்தது. நானும் தலையைத் திருப்பி அதையே பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது.